கரகரப்பான்

புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கிய அன்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. அட்டைப்பெட்டி கிழிபடும் சத்தம், தெர்மாகோல் கிறீச்சிடும் சத்தம், என்னோடது எது என்னோடது எது என்ற பரபரப்பு. ஒருத்தர் திரை எவ்வளவு மெல்லிசு என்று மாய்ந்துபோனார். இன்னொருத்தர், விசிறிச் சத்தமே காணோமே, இது ஓடுதா தூங்குதா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். டைப்பிஸ்ட் அக்கா மட்டும் தன் பழைய பெட்டியின் தலையில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல்காரர் நெற்றி போல அது சுட்டுக்கொண்டிருந்தது.

அக்காவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வேலை செய்யும் இடத்தில் அடிபட்டு, கையோ காலோ போய், இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் அலுவலகம் அது. அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்வார்கள். அதைக் கேட்டு ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து தருவது அக்காவின் வேலை. விசாரணை அதிகாரி அந்தத் தாளைப் படித்துத்தான் தீர்ப்பு எழுதுவார். பதினேழு வருஷமாக இதே நாற்காலி. ஒரு காதில் அடிபட்டவர் பேசுவார். மறு காதில் கரகரப்பான் பேசுவான்.

கரகரப்பான் என்பது அவள் வைத்த பெயர். தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும், முடிந்த ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள் அது. யாரோ ஒரு புண்ணியவான் தனியாளாக எழுதி இலவசமாகக் கொடுத்தது. தகர டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல். 'திரு' என்று தட்டிப் புள்ளி வைத்தால் 'திருப்புள்ளி' என்று சேர்த்துப் படித்துவிடும். அக்காவின் மகள் வீட்டுக்கு வருகிற ஆண்களை எல்லாம் அதே குரலில் 'திருப்புள்ளி மாமா, வாங்க' என்று வரவேற்றுத் திட்டு வாங்குவாள். கேட்க இனிமையில்லைதான். ஆனால் பொய் சொல்லத் தெரியாத குரல். அக்கா தப்பாகத் தட்டினால் தப்பாகவே படிக்கும்.

மத்தியானத்துக்கு மேல் கம்ப்யூட்டர்க்காரர் அவள் மேஜைக்கு வந்தார். குனிந்து, நிமிர்ந்து, மறுபடியும் குனிந்து, கடைசியில் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, உங்க கரகரப்பான் ஏற மாட்டேங்கறான்."

"ஏற மாட்டேங்கறான்னா?"

"இந்தக் கம்ப்யூட்டர்ல இது ஓடாதுன்னு ஒரே வரில சொல்லி முடிச்சுடுது. மூணு தடவ பாத்துட்டேன்."

"அந்த ஓட்டைப் பெட்டியிலயே முக்கி முனகி ஓடினானே. புதுசுல பறக்கல்ல வேணும்?"

"வேகத்துல ஒண்ணும் குறை இல்லக்கா. உள்ள இருக்கற ப்ராசஸர் வேற வகை. பழசுக்குன்னு எழுதினது பேசற பேச்சு இதுக்குப் புரியாது."

"அப்ப பக்கத்து சீட்டுல பழைய ஃபைல் தேடற சாமான் ஓடுதே? கேட்டேனே நான்."

"நடுவுல மொழிபெயர்க்கற ஆள் மாதிரி ஒண்ணு வெச்சிருக்காங்க. பழசு சொல்றத அது புதுசுக்கு மாத்திச் சொல்லும். சாதாரண சாமான் அதுல ஒப்பேறிடும். உங்காளு அப்படி இல்ல. நீங்க அழுத்தற விசைய முன்னாடியே பிடிக்கணும், திரைல வர்றதையெல்லாம் எட்டிப் பாக்கணும். சிஸ்டத்தோட அடிமடில கை வெக்கற வேலை. அந்த இடத்துக்கு இவனை விட மாட்டாங்க."

"இதுலயே தமிழ் படிக்கற குரல் இல்லையா?"

"இங்கிலீஷ் இருக்கு. தமிழ் எழுத்து வந்தா வாய மூடிக்குது. வெளிய தமிழ்க் குரல் கிடைக்குதுக்கா, ஆனா என் இஷ்டத்துக்கு நான் எதையும் இதுல ஏத்த முடியாது. எழுதிக் கேளுங்க. மேல பாத்து ஒத்துக்கணும்."

"அது வரைக்கும் இந்தப் பழசு இங்கயே கெடக்கட்டும்."

"கீழ லாரி நிக்குதுக்கா. இத்தனைன்னு எண்ணி எடுத்துட்டுப் போறாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் என் தலைதான் உருளும்." பிறகு கொஞ்சம் குற்றச்சாட்டாகவும் கேட்டார். "மூணு மாசம் முன்னாடியே சுற்றறிக்கை ஒட்டினாங்களே. பழைய சாஃப்ட்வேர் எதுவும் நின்னு போகுமான்னு பாத்து எழுதிக் குடுங்கன்னு. நீங்க குடுக்கலையா?"

"எங்க ஒட்டினாங்க?"

"அறிவிப்புப் பலகைல."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவர் ஒயர்களை ஒவ்வொன்றாக, சத்தம் வராமல், பார்த்துப் பார்த்துப் பிடுங்கினார். அதுதான் அவரால் முடிந்தது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அக்காவின் வீடு இரண்டாம் மாடியில் ஓர் அறையும் அடுப்படியும். அவள் கணவர் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு நீராவி இஸ்திரி போடுகிறவர். எத்தனை தடவை குளித்தாலும் அவர் மேல் வெளுப்பு மருந்தின் வாடை இருக்கும். அவர் முட்டை உடைத்து ரொட்டிக்குப் பொரித்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடித்ததும் கரகரப்பான் வந்த பழைய குறுந்தகட்டைத் தேடி எடுத்து, உறையில் பொடி எழுத்தில் இருந்த தொலைபேசி எண்ணை வாசித்துச் சொன்னார்.

நான்கைந்து தடவை மணி அடித்த பிறகு ஓர் ஆண் குரல் எடுத்தது.

"தமிழ் படிக்கற சாஃப்ட்வேர் எழுதினது நீங்கதானே சார்?"

"ஆமா." பெருமூச்சு கேட்டது. "நீங்களும் புதுக் கம்ப்யூட்டரா?"

"ஆமா சார். எப்படித் தெரியும்?"

"இந்த மாசத்துல நீங்க பதினோராவது ஆள்."

அக்காவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பதினோரு பேர் கேட்டிருந்தால் ஏதாவது செய்துகொண்டிருப்பார். "அப்ப சரி பண்ணிட்டு இருக்கீங்களா சார்?"

"இதுல ஒட்டுப் போட வழி இல்லம்மா. அடியில இருந்து புதுசா எழுதணும். அதை எழுதினப்போ எனக்கு இருபத்தாறு வயசு, கல்யாணம் ஆகல, ரெண்டு வருஷம் சோறு தண்ணி மறந்து உக்காந்தேன். இப்ப டயர்க் கடை வெச்சிருக்கேன். எழுதி வெச்சிருந்த டிஸ்க்கும் கெட்டுப்போச்சு. என்கிட்டயே அது இல்ல."

"வேற யார்கிட்டயாவது குடுத்து வெச்சிருந்தா..."

"யாரு கேட்டா? ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பதினெட்டு வருஷமா அதுல என் நம்பர் இருக்கு. நல்லா இருக்குன்னு ஒருத்தர் கூப்பிட்டதில்ல. நல்லா இல்லைன்னுகூடக் கூப்பிட்டதில்ல. யாருமே உபயோகிக்கலன்னு நெனச்சுதான் நானும் விட்டேன். நின்னு போனதும் பதினோரு பேர் கூப்பிடறீங்க."

மழைச் சத்தத்தில் அவர் வைத்துவிட்டாரோ என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"எப்படித்தான் படிச்சுது அது?" என்று கேட்டார்.

"நல்லாப் படிச்சுது சார். 'திரு' போட்டு புள்ளி வெச்சா மட்டும் திருப்புள்ளின்னு படிக்கும்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அது ரெண்டு வரி வேலைம்மா. அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே மாத்தியிருப்பேன்."

மறுநாள் அக்கா சூப்பரின்டெண்டிடம் போய் நின்றாள். அவர் தங்கமான மனுஷர் என்று பெயர் எடுத்தவர். யாரையும் குரல் உயர்த்திப் பேச மாட்டார். "எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்பிடறேன். அது வர்ற வரைக்கும் அப்படியே தட்டுங்க. பதினேழு வருஷ அனுபவம். உங்க விரல்ல கண்ணு இருக்கு" என்றார்.

"நான் தட்டறது சரியான்னு எனக்குத் தெரியாதே சார்?"

"பக்கத்து சீட்டுல அந்தப் பொண்ணு சரிபார்த்துக் கையெழுத்துப் போடட்டும்."

அந்தப் பெண்ணுக்கு அலுவலகத்தில் அவசரம் என்று பேர். நடப்பது, சாப்பிடுவது, பேசுவது எல்லாம் ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி. நல்ல மனசு. ஆனால் அவள் மேஜையிலேயே அவள் உயரத்துக்குக் கோப்புகள் கிடந்தன.

அக்கா தட்டினாள். ஒரு காதில் ஒலிப்பதிவு. மறு காது வெறுமனே கிடந்தது. கிணற்றில் கல் போட்டுவிட்டு, தண்ணீரில் விழும் சத்தத்துக்குக் காத்திருந்து காத்திருந்து, சத்தமே வராத மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தால் தோள்பட்டை இரண்டும் கல்லாக இருக்கும். மேலே போன விண்ணப்பம் மூன்று வாரத்தில் ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: இந்தக் குரல் இதே இருக்கைக்கு ஏன் தேவைப்படுகிறது என விளக்கவும். அக்கா விளக்கினாள். அது திரும்பவும் மேலே போனது.

அந்த மாதக் கடைசியில்தான் அட்டை வெட்டும் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் வாக்குமூலம் வந்தது. வலது கையில் நான்கு விரல் போனவர். ஒன்றரை மணி நேரப் பதிவு. வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினார். "மெஷினு மூடி கழண்டு ரெண்டு வாரம் ஆச்சுங்க. மேஸ்திரிகிட்ட மூணு தடவ சொன்னேன். மூணாந்தடவ சொன்னப்ப, பயமா இருந்தா வீட்டுக்குப் போன்னாரு." அந்த இடத்துக்கு முன்பாக எங்கோ அக்காவின் சுண்டுவிரல் புது விசைப்பலகையின் மூலையில் ஒரு விசையைத் தொட்டிருக்கிறது. பழையதில் அந்த இடத்தில் விசையே கிடையாது. தமிழ் போய் இங்கிலீஷ் வந்துவிட்டது. நான்கு பக்கம் தள்ளி மறுபடியும் விரல் பட்டுத் தமிழ் திரும்பி வந்தது. கரகரப்பான் இருந்திருந்தால் முதல் எழுத்திலேயே உளறிக் காட்டிக்கொடுத்திருப்பான்.

விசாரணை அன்று தொழிற்சாலையின் வக்கீல் அந்த நான்கு பக்கத்தையும் தூக்கிக் காட்டி, சாட்சி எந்த மொழியில் பேசினார் என்று தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டாராம். அறையே சிரித்ததாம். அதிகாரி கோப்பை மூடி, ஐந்து மாதம் தள்ளித் தேதி போட்டுவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். அக்கா அன்று மத்தியானத்துக்குள் நான்கு பக்கத்தையும் திருப்பித் தட்டிக் கொடுத்தாள். போட்ட தேதி போட்டதுதான் என்றார்கள்.

அவசரம் வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மொதப் பக்கம் பாத்தேன், கடைசிப் பக்கம் பாத்தேன் அக்கா. நடுவுல பாக்கல. பன்னெண்டு ஃபைல் கெடந்துச்சு."

இரண்டு நாள் கழித்து சூப்பரின்டெண்ட் அக்காவைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, அவள் கையில் கோப்பையை அவரே வைத்தார்.

"மேல விளக்கம் கேக்கறாங்கம்மா. உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு நானே எழுதிட்டேன். படிக்கறேன், கேளுங்க. 'புதிய கணினிக்கு மாறியதால் ஏற்பட்ட எதிர்பாராத பிழை. இனி இவ்வாறு நேராது.' அவ்வளவுதான். ஒரு கையெழுத்து."

பதினேழு வருஷம் மனிதர்கள் பேசுவதைக் கேட்டே பிழைத்த காது அது. தாளைப் பார்த்துப் படிக்கிற வாய்க்கு ஒரு நடை உண்டு, யோசித்துச் சொல்கிற வாய்க்கு வேறு நடை. இவர் படிக்கவில்லை.

"தேநீர் குடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வர்றேன் சார்" என்று தாளை வாங்கிக்கொண்டு அக்கா வெளியே வந்தாள்.

நடைகூடத்தில் வரிசையாக பெஞ்சுகள். அலுவலகத்து ஆள் யாரிடமும் அந்தத் தாளைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு பெஞ்சில் பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் கேட்டது. யாரோ பெண்.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? எனக்குப் பார்வை இல்ல."

"எனக்கு வேகமாப் படிக்க வராதுங்க."

"மெதுவாவே படிங்க."

"மேல ஏதோ நம்பரு இருக்கு. அது வேணுமா?"

"வேண்டாம். விஷயத்தப் படிங்க."

அந்தப் பெண் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "'மேற்கண்ட வழக்கில்... சாட்சியத்தின் நடுப்பகுதி... எனது கவனக்குறைவினாலும்... எனது பார்வைக் குறைபாட்டினாலும்... பிழையாகத் தட்டச்சு செய்யப்பட்டது. இதற்கு அலுவலகமோ... அலுவலகக் கருவிகளோ... எவ்வகையிலும்... பொறுப்பல்ல.'"

அக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் வாசிப்பு நின்றிருந்தது. பிளாஸ்டிக் பை மறுபடியும் சரசரத்தது. எதையோ எடுத்துப் பிரித்துப் பார்க்கிறாள்.

"இது எங்க நம்பருங்க" என்றாள் அந்தப் பெண். "எங்க வீட்டுக்காரரு கேசு. தேதிய முன்னால போட வழி இருக்கான்னு கேக்கத்தான் வந்து உக்காந்திருக்கேன். நீங்கதானா அது?"

"நான்தான். மிஷின மாத்திட்டாங்கம்மா. நான் தட்டறது எனக்குக் கேக்கல. முன்னால இருந்ததுல..."

"அதையெல்லாம் எனக்கு எதுக்குங்க சொல்றீங்க? அவரால சட்டைப் பொத்தான் போட முடியாது. நான் வேலைக்குப் போயிட்டா நாள் பூரா பனியனோடயே உக்காந்திருக்காரு. யாராச்சும் வந்தா கதவத் தொறக்கறதில்ல. மேஸ்திரிகிட்ட சொன்னத அவ்வளவு தைரியமா இங்க வந்து சொன்னாரு. அதையே காணோம்னுட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் கூடச் சேர்ந்து சிரிச்சாருங்க, என்ன பண்றதுன்னு தெரியாம."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இன்னும் ரெண்டு வரி இருக்கு" என்று தாளை அவள் மடியில் வைத்தாள் அந்தப் பெண். "நீங்களே படிச்சுக்குங்க."

செருப்புச் சத்தம் நடைகூடத்தின் கடைசி வரைக்கும் போய்த் தேய்ந்தது.

அந்த இரண்டு வரியை வீட்டில் கணவர் படித்தார். எனக்கு வேறு பணி ஒதுக்கினால் ஆட்சேபம் இல்லை என்று இருந்தது.

"போட்டுடு" என்றார். "வேற வேலைன்னாலும் வேலைதானே. தூக்கியா எறியறாங்க?"

"போட்டா தப்பு என் கண்ணோடதுன்னு ஆயிடும்."

"உலகத்துல எல்லாரும் அப்படித்தானே நெனைக்கறான். இன்னிக்குப் புதுசா?"

"நெனைக்கறது வேற, நானே எழுதிக் குடுக்கறது வேற. இன்னொண்ணும் இருக்குங்க. ஆஃபீஸ் தப்பால விசாரணை தள்ளிப்போனா பதினஞ்சு நாளுக்குள்ள தேதி குடுத்தாகணும். விதி இருக்கு, நானே எத்தனை தடவ தட்டியிருக்கேன். என் தப்புன்னு ஆனா அந்த விதி செல்லாது. அந்தப் பொண்ணுக்கு அஞ்சு மாசம் அஞ்சு மாசம்தான்."

அவர் மகளின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தார். ஒரே மடிப்பை மூன்று தடவை நீவினார். "அந்தப் பொண்ணு உன்ன என்னான்னு கேட்டுட்டுப் போனா, அவளுக்காக நீ போய் முட்டிக்கப் போறியா?"

"அவ கேட்டதுல என்ன தப்பு?"

"என்னமோ பண்ணு" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அவள் தட்டில் முட்டையை வைத்துவிட்டு ரொட்டியை அவரே பிய்த்துப் போட்டார்.

மறுநாள் காலை அக்கா அந்த ஊமை இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து தன் விளக்கத்தைத் தானே தட்டினாள். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுத்தினாள். பிரிவு முழுக்க வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை, பதினேழு வருடமாகப் பிழையும் இல்லை. நான் தட்டியதை எனக்குப் படித்துக் காட்டிய மென்பொருள் புதிய கணினியில் ஓடாது என்று அலுவலகத்துக்கு முதல் நாளே தெரியும். மாற்றுக் குரல் கேட்டு எழுதிய விண்ணப்பத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. தாமதம் அலுவலகத்தால் ஏற்பட்டது. வழக்குக்கு உடனே தேதி தர வேண்டும்.

அவசரம் அதை முதல் தடவையாக நிதானமாகப் படித்தாள். "ஒரு எழுத்து தப்பில்லக்கா."

"சரிபார்த்த எடத்துல நீயும் ஒரு கையெழுத்துப் போடு. நடந்தது உனக்கும் தெரியும்."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. "அக்கா, எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல."

அக்கா தனியாகவே கொண்டுபோய்க் கொடுத்தாள். சூப்பரின்டெண்ட் அதைப் படித்துவிட்டு, குரல் உயர்த்தாமல், "உங்க நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்" என்றார்.

விளக்கம் பரிசீலனையில் வைக்கப்பட்டது. பரிசீலனையில் இருப்பதால் தேதியை மாற்ற முடியாது என்றார்கள். அடுத்த வாரமே அக்காவை வாசலுக்குப் பக்கத்தில் விசாரிப்பு மேஜையில் போட்டார்கள். வருகிறவர்களுக்கு எந்த அறை எங்கே என்று வழி சொல்ல வேண்டும். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது, ஒரு தொலைபேசியும் மணியும் மட்டும்.

இரண்டு மாதம் கழித்துத் தமிழ்க் குரலுக்கு அனுமதி வந்தது. விண்ணப்பத்தில் எந்த இருக்கையின் எண் இருந்ததோ அந்த இருக்கைக்கே வந்தது. கம்ப்யூட்டர்க்காரர் விதிப்படி அங்கே போய் அதை ஏற்றினார். அந்த நாற்காலியில் இப்போது பார்வையுள்ள வேறொரு பெண். தட்டத் தட்டக் காதுக்குள் யாரோ பேசுவது தொல்லையாக இருக்கிறது என்று அன்றைக்கே அதை நிறுத்திவிட்டாள். கம்ப்யூட்டர்க்காரர்தான் வந்து சொன்னார். "நல்ல தெளிவான குரலா இருக்கா?" என்று கேட்க நினைத்து, மாற்றி, "நல்ல தெளிவான குரலா இருந்துச்சா?" என்று மட்டும் அக்கா கேட்டாள். "இருந்துச்சுக்கா" என்றார்.

வெயில் ஏறிய ஒரு முற்பகலில் மேஜைக்கு முன்னால் பிளாஸ்டிக் பை சரசரத்தது.

"கேஸ முடிச்சுக்கறதுன்னா எங்கங்க போகணும்?"

அக்காவுக்குக் குரல் உடனே தெரிந்துவிட்டது. "இன்னும் ரெண்டு மாசத்துல தேதி வந்துருமேம்மா."

பிளாஸ்டிக் பையின் சரசரப்பு நின்றது. அவளும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"ரெண்டு மாசம் தாங்காதுங்க. கம்பெனில குடுக்கறத வாங்கிக்கறோம்னு எழுதிக் குடுத்தாச்சு. தானே பார்த்து நடக்காததால அடிபட்டதுன்னு அவரையே கையெழுத்துப் போட வெச்சாங்க. இடது கையால போட்டாரு." பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "உங்கள இங்க போட்டுட்டாங்களா?"

"ஆமா."

"அங்க இப்ப யாரு டைப் பண்றாங்க?"

"வேற ஒருத்தங்க."

"கண்ணு தெரியுமா?"

அக்காவின் நாக்கு நுனி வரைக்கும் எல்லாம் வந்தது. ப்ராசஸர், கரகரப்பான், பலகையில் ஒட்டிய சுற்றறிக்கை, மூலையில் இருந்த விசை.

"தெரியும்" என்றாள்.

"இனிமே வர்றவங்களுக்காச்சும் நல்லபடியா நடக்கட்டும்."

"நேராப் போய் இடது பக்கம். மூணாவது கதவு."

செருப்புச் சத்தம் நேராகப் போய் இடது பக்கம் திரும்பியது. அடுத்து நின்றவர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.